கயித்தை மட்டும் பாரு

கரூர் எப்பப் போய்ச் சேரும்னு கண்டக்டரைக் கேட்டீங்க பாருங்க, அதைக் கேக்கக் கூடாதுங்க தம்பி. பக்கத்துல வந்து உக்காந்ததும் உக்காராததுமா புத்தி சொல்றானேன்னு நெனச்சுக்காதீங்க. அந்தாளு என்ன சொன்னான்? போறப்பப் போகும்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. டிக்கெட் கிழிக்கறது அவன் சோலி. ஓட்டறது டிரைவர் சோலி. நம்ம சோலி உக்கார்றது. அதை ஒழுங்காப் பண்ணுனாப் போதும், கரூர் அதுபாட்டுக்கு வந்துரும்.

ஜன்னலோரம் நீங்களே இருங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். இந்தப் பை மடியிலயே இருக்கட்டும், பரவால்ல. மேல வெச்சா பிரேக் போடறப்ப யாரு தலையிலயாவது விழுந்துரும். உள்ளே இரும்பு இருக்குதுங்க.

உடுமலையில நீங்க ஏறுனதுலருந்து பின்னால சீட்டுல உக்காந்து பாத்துட்டே வாரேன். அந்தப் போனை எடுக்கறீங்க, பாக்கறீங்க, உள்ளே வெக்கறீங்க, மறுக்கா எடுக்கறீங்க. ஏதாச்சும் ரிசல்ட்டுங்களா? ஓ, கவர்மெண்டு பரீட்சைங்களா. எழுதியாச்சல்லங்க? எழுதற வரைக்குந்தான் அது நம்மது. எழுதி முடிச்சு பேப்பரைக் குடுத்துட்டா பொறவு அது ஊரான் ஊட்டுச் சமாச்சாரம். அதைய நோண்டிட்டே இருந்தா அடுத்த பரீட்சைக்குப் படிக்கற நேரந்தான் வீணு.

சிரிக்கறீங்க. சிரிங்க. எம் பொண்ணும் இப்பிடித்தான் சிரிக்கும், முந்தியெல்லாம்.

என் பேரு சென்னியப்பன்ங்க. ஒரு நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனேன். எந்த மில்லுங்கறது எதுக்குங்க, இப்ப அது வேற கைக்குப் போயிருச்சு. மிசினு ஓடற எடம். அந்தச் சத்தத்துலயே நின்னு நின்னு எனக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்க பேசறதானா சித்த பலமாப் பேசுங்க.

அந்த மில்லுல ஷெட்டுக்குள்ள நொழைஞ்சா எதிர்ச் செவுத்துல ஒரு போர்டு இருக்கும். இந்த ஷிப்டுல எத்தனை கிலோ நூலு ஆச்சுன்னு சிவப்பு எழுத்துல ஓடிட்டே இருக்கும். வேலைக்கு வர்ற புள்ளைக பூராத்துக்கும் கண்ணு அங்கயேதான். கொறைச்சலா இருந்தாப் பயம். பயந்தாக் கை நடுங்கும். கை நடுங்குனா அறுந்த இழையை ஒட்ட முடியாது. ஒட்டலைன்னா இன்னும் கொறையும். அதிகமா இருந்துட்டாலோ மெத்தனம், கக்கூசுக்குப் போறேன்னு போயிக் கதை பேசிட்டு நிப்பாளுக. ரெண்டுக்கும் நாந்தான் முதலாளிகிட்டப் பேச்சு வாங்கோணும்.

அப்பத்தானுங்க சென்னையிலருந்து ஒரு டிரெயினரைக் கூட்டியாந்தாங்க. டை கட்டிட்டு, ஏசி ரூம்ல எங்களையெல்லாம் உக்கார வெச்சு, என்னென்னமோ படம் போட்டுக் காமிச்சாரு. மத்த சூப்பர்வைசரெல்லாம் வடையைத் தின்னுட்டுத் தூங்கிட்டானுக. எனக்கும் பாதி வெளங்கலை. ஆனா ஒண்ணு சொன்னாருங்க. கிலோவைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. கை செய்யற முறை சரியா இருந்தா கிலோ தானா வரும்னாரு. அவ்வளவுதான். எனக்கு யாரோ மண்டையில லைட்டைப் போட்ட மாதிரி இருந்துச்சு.

அடுத்த நா வெடியால மொத ஆளாப் போயி, ஒரு பழைய போர்வையை எடுத்து அந்தப் போர்டை மூடிக் கட்டிப்புட்டேன். புள்ளைக வந்து முழிக்குதுக. இனிமே யாரும் கிலோவைப் பத்திப் பேசப்படாது, எங்கிட்டயும் கேக்கப்படாது. இழை அறுந்துச்சா, ஒட்டு. நட. அறுந்துச்சா, ஒட்டு. நட. இதைத் தவிர வேற நெனப்பு வேண்டாம்னேன். மேனேஜர் வந்து குதிச்சாரு. ஒரு மாசம் பொறுங்க சார்னேன். அந்த மாசக் கடைசியில போர்வையைக் கழட்டிப் பாத்தவரு வாயைத் தொறந்தபடியே நின்னுட்டாரு. எனக்கு ஷீல்டு குடுத்தாங்க. ஊட்டுல இன்னும் டிவி மேல இருக்குதுங்க.

ஒரே ஒருக்காத்தான் கோளாறு ஆச்சு. எங்கயோ மாத்திப் போட்டு, மெல்லிசு நூலு ஓட வேண்டிய மிசினுல தடிசு நூலு ஓடிப்போச்சு. ஒரு வாரம் ஓடியிருக்குது. அத்தனை பேரு ஒட்டறாங்க, நடக்கறாங்க, கையில புடிக்கறாங்க, ஒருத்தரும் என்ன நூலுன்னு பாக்கலை. லோடு மொத்தமும் திரும்பி வந்துச்சு. ஆனா அது நூலைச் சோதிக்கற லேப்காரன் பாக்க வேண்டிய சோலிங்க. எங்க ஷெட்டுல முறை தப்பலை. கோர்ட்டுல நிக்க வெச்சுக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

சரி, அதை விடுங்க. இந்தப் பையில என்ன இருக்குதுன்னுதானே பாக்கறீங்க. உருளைங்க. கிணத்துல தண்ணி சேந்தற உருளை. கூட ஒரு கயிறு. புதுக் கயிறு, நைலான் இல்லை, மெத்துன்னு இருக்கற பருத்திக் கயிறு. எங்க ஊட்டுக்காரிக்குக் கொண்டு போறேன். கரூர்ல பொண்ணு ஊட்டுல இருக்கறா.

மயிலாத்தான்னு பேரு. நான் ரிட்டையர் ஆயி ஒரு வருசங்கூட ஆகலை, அடுப்படியில தோசை ஊத்திட்டிருந்தவ அப்பிடியே சாஞ்சுட்டா. தோசைக் கருகல் வாசம் வந்துதான் நான் போயிப் பாத்தேன். எடது கையி, எடது காலு, ரெண்டும் போச்சு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கோயமுத்தூருக்குத் தூக்கிட்டுப் போயி உசுரைக் காப்பாத்திட்டோமுங்க. காலு கொஞ்சம் வந்துச்சு, குச்சி வெச்சு நடப்பா. பேச்சும் குழறிக் குழறி வந்துருச்சு. கையி மட்டும் வரலை. தொங்குனது தொங்குனபடி.

நான் ரொம்பப் பயந்துட்டேனுங்க. சொல்றதுக்கு என்ன வெக்கம். ஷெட்டுல அத்தனை பேரை மேச்சவன், ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு சின்னப் புள்ளையாட்டம் அழுதேன். ஏன்னா எனக்கு எதுவும் தெரியாதுங்க. ஊட்டுல சக்கரை டப்பா எங்க இருக்குதுன்னு தெரியாது. அவ இருந்தா, எல்லாம் இருந்துச்சு. ஊட்டுக்குக் கூட்டியாந்த அன்னிக்கு கட்டல்ல படுக்க வெச்சுட்டு அந்த மூஞ்சியைப் பாக்கறேன். ஒரு பக்கம் எம் பொண்டாட்டி, இன்னொரு பக்கம் யாரோ. என்னால முடியலைங்க தம்பி. எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

வெளிய நின்னப்பத்தான் அந்த நெனப்பு வந்துச்சு. மூஞ்சியைப் பாத்தா மனசு உட்டுப் போயிரும். அது போர்டு. போர்டைப் பாக்கப்படாது. கையைப் பாரு.

கையின்னா இந்த எடத்துல பயிற்சிங்க. பிசியோதெரபிக்கு பெனிட்டான்னு ஒரு புள்ளை வந்துட்டிருந்துச்சு. நல்ல புள்ளை, குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு வேலை பண்ணத் தெரியலை. வந்தவுடனே, இன்னிக்கு எப்பிடி இருக்கு ஆன்ட்டி, வலி கொறைஞ்சுருக்கான்னு கேக்கும். பொறவு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் தோள்பட்டையில வெச்சு, கையி எத்தனை தூரம் தூக்க வருதுன்னு அளக்கும். வாரம் வாரம் அளக்கும். போன வாரத்துக்கு இந்த வாரம் ஏறலைன்னா இவ மூஞ்சி செத்துப் போயிரும். நாம் பாத்துட்டே இருந்தேன். இதென்ன, சிவப்பு எழுத்தை ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து மாட்டுன கதையா இருக்குதேன்னு.

அந்தப் புள்ளை சொன்னதென்னன்னா, தோளு மட்டத்துக்கு மேல தூக்கப்படாது, வலிச்சா நிறுத்திரோணும், கையைப் புடிச்சு இழுக்கவே கூடாது, எந்நேரமும் தலவாணி மேல வெச்சிருக்கோணும். நீங்களே சொல்லுங்க. வலிச்சா நிறுத்துன்னா, வலி இல்லாத நோக்காடு எங்க இருக்குது? அப்பறம் என்னைக்குத்தான் வேலை நடக்கறது? நான் அந்தப் புள்ளையை நின்னுக்கச் சொல்லிட்டேன். நாம் பாத்துக்கறேன் கண்ணு, உனக்கு எதுக்கு இத்தனை தூரம் அலைச்சல்னேன். அது வாசப்படியில நின்னு, அங்கிள், ஆன்ட்டி மூஞ்சியைப் பாத்துப் பாத்துப் பண்ணுங்க, மூஞ்சிதான் சொல்லும்னு சொல்லிட்டுப் போச்சு. பாருங்க, மறுக்கா மூஞ்சி.

ஊட்டுல ஊஞ்சக் கொக்கி ஒண்ணு உத்தரத்துல சும்மா கெடந்துச்சு. அதுல இந்த உருளையை மாட்டுனேன். கயித்தை உட்டு, ஒரு நுனியில துண்டைக் கிழிச்சு மெத்துன்னு வளையம் பண்ணி அவ எடது கையை அதுல கட்டிருவேன். அடுத்த நுனி அவளோட சோத்தாங்கையில. சோத்தாங்கையால அவளே கீழே இழுத்தா எடது கையி மேல போகும். நான் தொடறது கூட இல்லை. அவ கையி, அவ கயிறு. நான் எதுக்கால சேர் போட்டு உக்காந்துட்டு எண்ணறது மட்டுந்தான். இழு, உடு. இழு, உடு. காத்தாலக்கி ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. தீவாளி அன்னிக்குக் கூட நிறுத்துனதில்லைங்க.

கண்ணாடியையும் எடுத்துட்டேன். ஏன்னா அவ குச்சியை ஊணிட்டுப் போயிப் போயிக் கண்ணாடி முன்னால நிக்கறா. வாயி நேரா ஆயிருக்குதான்னு விரலை வெச்சுப் பாக்கறா. இது உன்ற சோலி இல்லைன்னு சொல்லி, ஊட்டுல இருந்த கண்ணாடி பூராத்தையும் எடுத்து மேல அட்டாலியில ஏத்திப் போட்டுட்டேன். நான் சவரம் பண்ணவே கடைக்குத்தான் போவேன். தலை சீவி உடறது, பொட்டு வெக்கறது எல்லாம் நாந்தான். கோணலா இருந்துருக்கும். பாக்கறதுக்குத்தான் கண்ணாடி இல்லையே.

சொந்தக்காரங்க வருவாங்க. வந்ததும் கட்டல்ல உக்காந்துட்டு, எப்பிடி இருக்குது மயிலா, கையி அசையுதான்னு ஆரம்பிச்சுருவாங்க. அதையும் நிறுத்துனேன். எப்பிடி இருக்குதுன்னு கேக்காதீங்க, இன்னிக்கு என்ன பயிற்சி பண்ணுனீங்கன்னு கேளுங்கன்னு வாசல்லயே சொல்லிருவேன். கொஞ்ச நாள்ல வர்றதையே நிறுத்திட்டாங்க. அதுவும் நல்லதாப் போச்சு. பொண்ணு கோகிலவாணி கரூர்லருந்து நெதமும் போன் பண்ணும். ஸ்பீக்கர்ல போட்டுருவேன். இவ, பண்ணிட்டேன் கண்ணு, இன்னிக்கும் பண்ணிட்டேன்னு சொல்லுவா. அவ்வளவுதான் பேச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?

தாராபுரம் வந்துருச்சுங்க. டீ குடிக்கறீங்களா? எனக்கு வேண்டாம். நீங்க போயிட்டு வாங்க, நாம் சீட்டைப் பாத்துக்கறேன்.

வந்துட்டீங்களா. எங்க உட்டேன்? ஆமா, வலி.

அவ சொன்னாளுங்க தம்பி, சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல சொன்னா. ஏனுங்க, தோளு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க, கழண்டு வர்றாப்பல இருக்குதுங்கன்னா. வாயி குழறும், ஆனா எனக்கு வெளங்கும். நான் சத்தம் போடலை. பொறுமையாத்தான் சொன்னேன். மயிலா, வலிக்குதுங்கறது போர்டுல ஓடற எழுத்து. அதை நீ படிக்காத. கயித்தை மட்டும் பாரு. நானும் கயித்தைத்தான் பாக்கறேன்னேன். நெசமாவே நான் கயித்தைத்தானுங்க பாப்பேன். உருளைகிட்டக் கயிறு எந்த எடத்துல ஏறி எறங்குதுன்னு. அவ மூஞ்சியைப் பாத்தா எனக்குக் கையி காலு ஓடாது.

ரெண்டு மூணு நாளு சொன்னா. ஒரு நா அழுதா. ஒரு நா, சாமி கும்புட்டுக்கறேன் உட்ருங்கன்னு கயித்தைப் புடிச்ச அந்தக் கையாலயே என்னையக் கும்புட்டா. ஒத்தைக் கையில எப்பிடிக் கும்புடறது, நெஞ்சுல வெச்சா. எனக்கு மனசு கலங்கிப் போச்சு. அன்னிக்கு மட்டும் நான் உட்டிருந்தா? மறு நாளும் உடச் சொல்லுவா. அப்பறம் அந்தக் கையி சாகற வரைக்கும் தொங்கட்டும்னு உட்ட மாதிரிதானுங்களே. அதனால எண்ண ஆரம்பிச்சேன். இழு, உடு.

அப்பறம் சொல்றதை நிறுத்திட்டா. சுத்தமா நிறுத்திட்டா. நீங்க நம்ப மாட்டீங்க, காத்தால நான் சேரை எடுத்துப் போடறதுக்குள்ள அவளே போயி கயித்துக்குக் கீழே உக்காந்துருப்பா. சொல்லாமயே கையை நீட்டுவா, கட்டறதுக்கு. பேச்சு இல்லை, அழுகை இல்லை. நான் ஷீல்டைப் பாத்தேன், அவளைப் பாத்தேன். மில்லுல ஒருத்தி கூட இத்தனை சுத்தமா வேலை புடிச்சதில்லைங்க. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோசம்.

குளிக்க வெக்கறது, கஞ்சி ஊட்டறது, பீ மூத்திரம் எடுக்கறது எல்லாம் நாந்தாங்க. ஒரு நா மூஞ்சி சுளிச்சதில்லை. இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க இப்ப.

கோகிலவாணி புள்ளைக லீவுக்கு வந்துச்சு. முந்தியே வர்றேன்னுச்சு, நாந்தான் அம்மாவுக்குப் பயிற்சி நடக்குது, இப்ப வந்து கெடுக்காதன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். வந்த அன்னிக்கு, நானே அம்மாவைக் குளிக்க வெக்கறேன்னு உள்ளே கூட்டிட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு சத்தம். பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாங்களோன்னு ஓடுனேன். கதவைத் தொறந்துட்டு நிக்குது, மேலெல்லாம் தண்ணி. அம்மாவுக்குத் துண்டைச் சுத்தி உட்டு, தோளைக் காமிக்குது. தோளு எலும்புக்கும் கையி எலும்புக்கும் நடுவுல ஒரு பள்ளம். ரெண்டு விரலு உள்ளே போகும். சுத்தி வீங்கிக் கருத்துக் கெடக்குது.

"அப்பா, நெதமும் நீங்கதானே குளிக்க வெச்சீங்க. உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?" அப்பிடின்னு கேட்டுச்சு.

குளிக்க வெக்கறப்ப எனக்குத் தண்ணி ஊத்தறதுதான் சோலி. சோப்புப் போடறது சோலி. அதைத்தான் பாத்தேன்.

அப்பறம் அவ அம்மாவைக் கேக்குது, "ஏனம்மா சொல்லலை? நெதமும் போன்ல பேசறனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அதுக்கு இவ சொல்றா, "அப்பா சொல்லக் கூடாதுன்னிருக்கறாரு கண்ணு."

கேட்டீங்களா தம்பி? அத்தனை நாளு போன்ல பொண்ணோட கொரலைக் கேட்டுட்டும் முறையை உடலை.

கோயமுத்தூருக்கு மறுக்காக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரு போட்டோ எடுத்துப் பாத்துட்டு, மூட்டு எப்பவோ எறங்கிருச்சு, தொங்கற கையை மேல மேல இழுத்து உள்ளே இருக்கற சதையெல்லாம் கிழிஞ்சு போச்சு, இனி ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னாரு. மாசக் கணக்கா இந்த அம்மா எப்பிடி இந்த வலியைத் தாங்குச்சுன்னு கேட்டாரு. யாருங்க இதைப் பண்ணச் சொன்னதுன்னாரு. நான் எந்திரிச்சு நின்னு, நாந்தான் சார், ஒரு நா தவறுனதில்லைன்னேன். அவரு என்னையப் பாக்கலை. கோகிலவாணியைத்தான் பாத்தாரு. படிச்சவங்களுக்கு எக்ஸ்ரேல தெரியறதுதான் தெரியும். அத்தனை நாளு ஒருத்தி விடாமப் பண்ணுனாளே, அது எந்தப் போட்டோவுல விழும்?

ஆஸ்பத்திரி வாசல்லருந்தே பொண்ணு அவளைக் கரூருக்குக் கூட்டிட்டுப் போயிருச்சுங்க. நானும் கார்ல ஏறப் போனேன். மாப்பிள்ளை கையைப் புடிச்சு, மாமா, நீங்க இப்ப வேண்டாமுங்கன்னாரு. மயிலாத்தா உள்ளே உக்காந்துருந்தா. கார்க் கண்ணாடியை ஏத்தி உட்டிருந்தாங்க. அவ என்னையப் பாத்தாளா இல்லையான்னு தெரியலை. நான் அந்த ரோட்டுலயே நின்னுட்டேன். எத்தனையோ நேரம்.

ஊட்டுக்கு வந்தா யாரு இருக்கறா? அவ உக்கார்ற முக்காலி, எதுக்கால என்ற சேரு, நடுவுல கயிறு. காத்தால முழிப்பு வந்துச்சுன்னா என்ன பண்றது? போயி உக்காருவேன். வேலை நிக்கக் கூடாதில்லீங்க. ஒரு நுனியை இழுப்பேன். வெறும் வளையம் மேல போகும், கீழே வரும். சில நாளு அழுதுட்டே இழுப்பேன். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அவ வேணுமுங்க தம்பி. அவ்வளவுதான். கையி வந்தா என்ன, வராட்டி என்ன. அவ ஊட்டுக்கு வரோணும். அந்த முக்காலியில உக்காரோணும்.

ஆனா அது நடக்குமா நடக்காதான்னு நான் யோசிக்கறதில்லை. ஞாயித்துக்கெழமையானா பஸ் ஏறறது என் சோலி. ஏறிருவேன். பொண்ணு கேட்டைத் தொறக்காது. தொறக்கறதும் தொறக்காததும் அதோட இஷ்டம். மாப்பிள்ளை மட்டும் வந்து தண்ணி குடுப்பாரு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க மாமான்னு சொல்லுவாரு. எதுத்தாப்பல ஒரு சிமெண்டுத் திட்டு இருக்குது. பொழுது சாயற வரைக்கும் அதுல உக்காந்துட்டு வந்துருவேன். ஜன்னல் மூடித்தான் இருக்கும்.

என்னங்க? இப்ப அவங்க எப்பிடி இருக்கறாங்கன்னா கேக்கறீங்க?

பாத்தீங்களா. இத்தனை சொல்லியும் நீங்களும் கடைசியில அதையேதான் கேக்கறீங்க. எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டதில்லை. மாப்பிள்ளைகிட்டக் கூடக் கேட்டதில்லை. ஆனா போன வாரம் அவளைப் பாத்தேன். அதைச் சொல்றேன், நீங்களே எப்பிடி இருக்கறாள்னு முடிவு பண்ணிக்குங்க.

போன வாரம் முந்துன பஸ்சு கெடைச்சு, வழக்கத்தை உடச் சீக்கிரமே போயிட்டேன். அவங்க எதிர்பாக்கலை. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துருக்கறா. எடது கையைத் துணிப் பட்டையில போட்டுக் கழுத்துல மாட்டியிருக்குது. பேத்தி கண்ணாடியைப் புடிச்சுட்டு நிக்குது. இவ சோத்தாங்கையால தானே பொட்டு வெச்சுட்டிருக்கறா. பொட்டு ஒரு பக்கமாப் போச்சாட்ட இருக்குது, ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. வாயி கோணித்தான் இருந்துச்சு. ஆனா சிரிப்பு சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சுங்க. அவ சிரிச்சு நாங் கேட்டு வெகு நாளாச்சு. நான் கேட்டைப் புடிச்சுட்டு நின்னேன். கூப்புடலை. நின்னேன், அவ்வளவுதான்.

திரும்பிப் பாத்தா.

அட, கரூர் வந்துருச்சே. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பறான் பாருங்க. நாஞ் சொல்லலை, அதுபாட்டுக்கு வந்துரும்னு? சித்த எந்திரிங்க, இந்தப் பை மாட்டிக்கிச்சு. ஆங், வந்துருச்சு. போனை உள்ளே வெயிங்க தம்பி.

திரும்பிப் பாத்தாளா, சிரிப்பு நின்னுச்சு. ஒரு வார்த்தை பேசலை. நானும் ஒரு வார்த்தை சொல்லலைங்க, சத்தியமாச் சொல்றேன். அவளே அந்தப் பட்டையிலருந்து எடது கையை எடுத்தா. சோத்தாங்கையால அதோட மணிக்கட்டைப் புடிச்சு, மேல தூக்குனா. உட்டா. தூக்குனா. உட்டா. கயிறு இல்லை, உருளை இல்லை, எண்ணறதுக்கு ஆளில்லை. என்னையவே பாத்துட்டுப் பண்றா, கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. பேத்தி கண்ணாடியைக் கீழே போட்டுட்டு அம்மான்னு கத்திட்டு உள்ளே ஓடுது. கோகிலவாணி ஓடியாந்து அவ கையைக் கட்டிப் புடிச்சு அமுக்குது, போங்கப்பா, தயவு பண்ணிப் போயிருங்கப்பான்னு கத்துது. இவ அந்தப் புடிக்குள்ளயே தூக்கறா. சொல்லிக் குடுத்தது ஒடம்புல எப்பிடி ஊறிப் போயிருக்குது பாருங்க. அப்பத்தான் எனக்குத் தெம்பு வந்துச்சு, இன்னிக்கு உருளையையே எடுத்துட்டு வந்தேன்.

பொண்ணு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நானும் கெளம்பிட்டேன். ஆனா திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனேன். நான் தெருமுக்குத் திரும்பற வரைக்கும் அவ நிறுத்தலைங்க.

அதனால மெதுவ்வா நடந்தேன் தம்பி. இன்னும் நாலு தடவை பண்ணட்டும்னு.